ஓடையில் ஒரு பொய்ப்பூச்சி

எங்கள் ஊர் நோட்டன் பிரிட்ஜ் என்று சொன்னால், கேட்பவர்கள் மின்சாரத்தைப் பற்றித்தான் பேசத் தொடங்குவார்கள். கெகல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணை, மலையைக் குடைந்து நீரைக் கொண்டுசெல்லும் சுரங்கம், 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான மின்நிலையம், இவற்றையெல்லாம் முன்கூட்டியே கனவு கண்ட பொறியியலாளர் விமலசுரேந்திர என்று பேச்சு வளரும். மீனைப் பற்றி எவரும் கேட்டதில்லை. நான் எழுதப் புகுவதோ மீனைப் பற்றி. அதிலும் எங்கள் ஊர் ஆற்றில் இல்லாத ஒரு மீனைப் பற்றி.

ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது சோர்ந்துபோகும். நோட்டன் பிரிட்ஜ் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அம்மீன் வாழ்வதற்கு அவ்வுயரத்தைப் போல் இருமடங்கு ஏறவேண்டும். நுவரெலியாவுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் போகவேண்டும். எங்கள் தோட்டத்துத் துரை மாதம் ஒருமுறை அவ்வாறு போவார். பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்த என் தந்தையார் கோலும் கூடையும் வலையும் சுமந்துகொண்டு உடன் போவார். 1957இல், பள்ளி விடுமுறையின்போது ஒருமுறை, என்னையும் காரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது.

தூண்டில் என்றதும் மண்புழுவைக் கோத்துக் குளக்கரையில் குந்தியிருப்பவனை வாசகர்கள் நினைக்கக்கூடும். இது அதுவன்று. இங்கே முள்ளில் உணவே கிடையாது. சிறு முள்ளின் தண்டிலே பட்டுநூலைச் சுற்றி, மயில்தோகையின் ஓரிழையால் உடல் அமைத்து, சேவலின் கழுத்திறகு ஒன்றை அதன்மேல் சுற்றிச் சிலிர்க்க விடுவார்கள். அந்தச் சிலிர்த்த முனைகள் நீரின் மேற்றோலைக் கிழிக்காமல் அதன்மேல் ஊன்றி நிற்கும், பொய்ப்பூச்சி மிதக்கும். எடையற்ற அதனை எறிய முடியாதாகையால், நூலுக்கே எடை வைத்திருக்கிறார்கள். அக்காலத்தில் அது கொழுப்புத் தடவிய பட்டுநூல். கோலை முன்னும் பின்னும் வீசும்போது நூல் காற்றிலே வளைந்து விரிய வேண்டும். ஈரம் உதறிய பூச்சி, தும்பைப்பூ உதிர்வதுபோல் நீரில் இறங்க வேண்டும்.

இறங்கிய பின்னர்தான் உண்மையான சோதனை. ஓடையின் நடுநீர் விரைந்து ஓடும். கரையோரத்து நீர் தயங்கி ஓடும். கரையோரத்தில் பூச்சியும் நடுநீரில் நூலும் கிடந்தால், நூல் பூச்சியைப் பற்றி இழுக்கும். மெய்யான பூச்சி தண்ணீரோடு போகும். இழுபடும் பூச்சியோ தண்ணீரைக் கீறிக்கொண்டு போகும். மீன் வஞ்சனையை அறிந்துகொள்ள அந்தக் கீறல் ஒன்றே போதும். மீன் எதிரோட்டத்தை நோக்கி நிற்பதால், பிடிப்பவன் அதன் முதுகுப்புறமாக, கீழ்நீரிலிருந்து குனிந்து வரவேண்டும். நிழல் விழுந்தாலும் மீன் மறைந்துவிடும்.

இக்கலைக்கு இலக்கணம் வகுத்தவர் ஹால்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர். 1886இலும் 1889இலும் வெளிவந்த அவருடைய நூல்கள் ஒரு தலைமுறையையே ஆட்டிவைத்தன. மிதக்கும் பூச்சியன்றி வேறெதையும் தொடலாகாது என்பது அவர் கட்சி. நீருக்கடியில் பூச்சியின் இளம்பருவத்தையும் மீன் தின்கிறதே, அதைப் போலச் செய்தால் என்ன குற்றம் என்று 1910இல் ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர் நூலெழுதிக் கேட்டார். பாட பேதத்துக்காக நம் புலவர்கள் போரிடுவதைப்போல் அவர்களும் பல ஆண்டுகள் போரிட்டார்கள். எங்கள் துரை ஹால்ஃபோர்டின் கட்சி.

அன்று நாங்கள் போனது அக்கரபத்தனைக்கு மேலே, ஆக்ரா ஓயாவுக்கு. அகலம் மிகக் குறைவு; நான்கே எட்டில் தாண்டிவிடலாம். மாலை நெருங்க, நீரில் வளையங்கள் தோன்றலாயின. ஒவ்வொரு வளையமும் ஒரு மீனின் வாய். துரை எறிந்தார், மாற்றிக் கட்டி மறுபடி எறிந்தார். அவருடைய பூச்சியின் இருபுறமும் மீன்கள் எழும்பின. அதை மட்டும் தீண்டவில்லை. அவர் முகம் சிவந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. கரையில் குந்தி, உள்ளங்கையைக் குழித்து நீரை ஏந்தி நோக்கினார். சாம்பல் நிறச் சிறகு நிமிர்ந்த ஒரு பூச்சி, அரிசியைவிடச் சற்றே பெரிது, கையில் நின்றது. முதிர்ந்தபின் ஒரு நாளோ இரண்டு நாளோ வாழ்ந்து மடியும் இனம் அது.

"தொரைங்க, நம்ம பூச்சி பெருசுங்க. மயிரு ரொம்ப இருக்கு. கீழ்ப்பக்கம் நறுக்கிட்டா சரியா வருங்க."

துரை சற்று நேரம் பார்த்துவிட்டுக் கத்தரியை நீட்டினார். அப்பா இரண்டு வெட்டு வெட்டினார். பூச்சி நீரோடு நீராகத் தாழ்ந்து மிதந்தது. மூன்றாவது எறிதலில் மீன் அதை விழுங்கியது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் துரை தேநீர் அருந்த இறங்கியபோது, அவருடைய மீன் குறிப்பேடு இருக்கையில் கிடந்தது. அப்பாவுக்கு எழுத்தறிவில்லை. "என்னப்பா எழுதியிருக்காரு?" என்று மெதுவாகக் கேட்டார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ஓடையின் பெயர், மீனின் எடை, பூச்சியின் பெயர். "நறுக்குனத எழுதலியா?" என்றார். இல்லை என்றேன். "எழுதணுமே. அடுத்த தடவ மறந்திருவாரு," என்றார். தம் பெயர் அதில் இல்லையே என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் அது பல ஆண்டுகள் கழித்து எழுந்தது.

பிடிபட்டது துரை விரும்பிய மீனன்று என்பதையும் சொல்லவேண்டும். அவர் தம் நாட்டுப் பழுப்பு ட்ரவுட்டையே தேடினார். உடலெங்கும் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள் கொண்டது அது. கிடைத்ததோ பக்கவாட்டில் செந்நிறப் பட்டை ஓடும் வானவில் ட்ரவுட், அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. பழுப்பு ட்ரவுட் 1882இலேயே நுவரெலியா ஓடைகளுக்கு வந்துவிட்டது. அக்காலத்தில் இம்மீனின் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கிடையே வைத்துக் கப்பலில் அனுப்புவது வழக்கம். தாஸ்மேனியாவுக்கு 1864இல் அவ்விதமே சென்றன. 1896இல் இலங்கையில் இதற்கென ஒரு மீன்பிடிக் கழகமும் தோன்றிற்று. பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்து ஓடையில் விட்டார்கள், காவல் வைத்தார்கள். எனினும் பழுப்பு ட்ரவுட் இங்கே நிலைத்து இனம் பெருக்கவில்லை. அது முட்டையிடும் பருவம் ஐரோப்பாவின் குளிர்காலம்; அத்தகைய குளிர்காலம் நமக்கு ஏது? பின்னால் வந்த வானவில் மீனோ ஹோர்ட்டன் சமவெளியில் தானே இனம் பெருக்கியது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு இறால் அச்சமவெளி ஓடைகளில் உண்டு. அதற்கு இம்மீன் கேடு என்று உயிரியலாளர்கள் இன்று கவலைப்படுகிறார்கள். அக்கவலை நியாயமானதே.

மீனுக்குப் பனிக்கட்டி வைத்துக் கப்பல் வந்த அதே நூற்றாண்டில், எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். நிலைத்து வேரூன்றியும் விட்டார்கள். ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை அந்நியர் என்றது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பிறகு பார்க்கலாம் எனப் பங்கிடப்பட்டார்கள். என் விண்ணப்பம் இங்கே நின்றது, நான் ஆசிரியனானேன். அப்பாவும் தங்கையும் 1972இல் தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.

அவர்களுக்கு வேலை கிடைத்தது நீலகிரியில். தாயகம் திரும்பியோர்க்கென்று தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் அமைத்திருந்தது. தங்கை கைப்பட எழுதிய அவருடைய முதற் கடிதத்தில் பாதி, மீனைப் பற்றியது. அவலாஞ்சி என்னும் இடத்தில் 1907 முதல் ட்ரவுட் பொரிப்பகம் இருப்பதையும், இலங்கையிலிருந்துகூட ஒரு காலத்தில் மீன்முட்டை அங்கே போனதென்பதையும் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "நமக்கு முந்தியே அது இங்க வந்திருச்சு," என்று எழுதச் சொல்லியிருந்தார். துரையின் டப்பாவிலே மெழுகுத் துளிபோல் மின்னிய இறகுகள் சில உண்டு. சாமன் மீன்பிடிக்கென்று பெருமதிப்பாய் வைத்திருந்தவை. அந்த இறகுக்குரிய காட்டுச் சேவல் இப்போது தம் வீட்டுப் பின்புறத் தேயிலையில் மேய்கிறது என்பது அடுத்த செய்தி. கடிதத்தின் முடிவில் ஒரு வேண்டுகோள்: ஆக்ரா ஓயாவில் அந்தச் சாம்பல் பூச்சி பொழுதுசாயும்போது இன்னும் எழும்புகிறதா என்று போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

அடுத்த மாதம் சென்றேன். துரை அதற்குள் கப்பலேறிப் போய்விட்டார். இருட்டும்வரை கல்லின்மேல் அமர்ந்திருந்தேன். ஐந்தே முக்கால் மணியளவில் முதல் வளையம் தோன்றிற்று, பிறகு பல. கையைக் குழித்து நீரை ஏந்திப் பார்த்தேன். மறுநாள் ஹட்டன் தபாற் கந்தோரில் நின்றுகொண்டே எழுதினேன்: "அப்பா, எழும்புகிறது. அதே அளவுதான்."