வான்படையா, தரைப்படையா?

விடுமுறை வந்தால் பிள்ளைகள் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருப்பதில்லை என்று குறைப்படாத பெற்றோர் பாலகாட்டில் குறைவு. 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு நம் தகப்பன்மார் பலர் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய் இரவில் திரும்புகிறார்கள். பிள்ளையோடு பேசக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்று அவன் என்ன விளையாடுகிறான் என்பது தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம் அல்லவா? ஆகவே இக்கட்டுரை.

என் பேரன் ஆடுவது ஸ்டார்கிராஃப்ட். 1998-இல் அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்டது. 2017-இல் பழைய பதிப்பை இலவசமாக்கிவிட்டார்கள். தென்கொரியாவில் இதன் பந்தயங்களை டெலிவிஷனில் காட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் கூலியாட்கள் தாது வெட்டுவார்கள், வாயு எடுப்பார்கள். (தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!) அந்த வருமானத்தில் படை திரட்ட வேண்டும். பறக்கும் படையா, நடக்கும் படையா என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

ஸெர்க் என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். ஹைட்ராலிஸ்க் தரையில் ஊர்வது. விலை தாது 75, வாயு 25. மியூட்டலிஸ்க் பறப்பது, தாது 100, வாயு 100. வாயுக் கணக்கில் ஒன்றுக்கு நான்கு! அதுவும் போக, ஹைட்ராவுக்கு வேண்டிய கூடத்துக்கு வாயு 50 போதும். மியூட்டாவுக்கோ முதலில் லேர், பிறகு ஸ்பைர் என்று 250 வாயு கட்டிடத்திலேயே போய்விடும். அவ்வளவு நேரமும் படையில்லாமல் இருப்பீர்கள். எதிரி சும்மா இருப்பானா? ஒன்றுக்கு ஒன்று மோதினால் மியூட்டாதான் ஜெயிக்கும். ஹைட்ராவின் அடி 10 என்றாலும், சிறிய உடம்பு என்று விதி இருப்பதால் மியூட்டாவின் மேல் பாதிதான் படும்.

அப்படியானால் வான்படை எதற்கு? பாதைக்கு. நாம் சயனைட் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறோம், காக்கை நேரே பறந்துவிடுகிறது. ஆட்டத்திலும் தரைப்படை சரிவு, பாலம், சந்து வழியாகத்தான் போக வேண்டும். குறுகிய வாயில் அது சிங்கிள் லைன் செக்‌ஷன் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுவிடும். முன்னால் போனவன் செத்த பிறகுதான் பின்னால் இருப்பவன் வந்து சேருவான். நான் பார்த்தவரையில் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மியூட்டாக்களோ ஒரே கொத்தாகப் பறந்து, எதிரியின் கூலியாட்களை அடித்துவிட்டு, படை வருவதற்குள் திரும்பிவிடும். கூலியாள் இல்லையேல் தாது இல்லை.

எதிரியிடம் சீஜ் டேங்க் நிறைய இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தூரத்திலிருந்தே தரைப்படையை நொறுக்கும் அந்த வண்டியால் மேல்நோக்கிச் சுட முடியாது. ஆனால் மரீன்களும் கோலியாத்களும் காவல் நின்றால் கதை வேறு. கோர்சேர் விமானம் வந்துவிட்டால் கொத்தாகப் பறப்பதே ஆபத்து. அதன் குண்டு அக்கம்பக்கத்தையும் சேர்த்து அடிக்கும். அதே கோர்சேரால் தரையில் நிற்கும் ஹைட்ராவைத் தொட முடியாது, ஹைட்ரா அதைச் சுட்டு வீழ்த்தும்.

ஸ்பைருக்கு வாயுவைக் கொட்டுமுன் எதிரி என்ன கட்டுகிறான் என்று பார்த்துவிட வேண்டும். ஸெர்க்குக்கு ஆரம்பத்திலேயே ஓவர்லார்ட் என்று மெதுவாகப் பறக்கும் ஒன்று தருகிறார்கள். அதைச் சும்மா வீட்டில் நிறுத்தாமல் முதல் நிமிஷமே எதிரி பக்கம் அனுப்பிவிடச் சொல்லுங்கள்.