பாஸ்போர்ட் வைத்திருக்கும் பனை

போன ஜூனில் அப்பா இங்கே வந்திருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை விவசாயி. டென்மார்க்கின் கோல்டிங்கில், மகன் வீட்டில், மூன்று வாரம் என்னதான் செய்வார்? ஒரு நாள் கோட்டையைக் காட்டினேன். இன்னொரு நாள் அக்ஸல் ஓல்சன் என்ற நர்சரிக்காரர் உருவாக்கிய புவியியல் தோட்டம். உலகத்துச் செடிகளை நாடு வாரியாக நட்டு வைத்திருக்கும் இடம். அங்கே மூங்கில் காட்டைத் தவிர வேறெதையும் அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அவருக்கு உயிர் வந்தது ஒரு செடிக்கடையில்தான். வாசலில் வரிசையாக விசிறி ஓலைப் பனைகள். சீன வகை, மைனஸ் பத்து டிகிரியைக்கூடத் தாங்கும் என்பதால் இங்கே வீட்டு முன்னால் வைக்கிறார்கள். அப்பா குனிந்து, ஒன்றின் நடுக்குருத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். கடைப்பெண் பதறி ஓடி வந்தாள்.

"குருத்து உறுதியா இருக்கு தம்பி, வண்டு இல்லை" என்றார் என்னிடம்.

நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டு, தொட்டியில் ஒட்டியிருந்த சின்ன லேபிளைக் காட்டினாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கொடி, பக்கத்தில் 'தாவரப் பாஸ்போர்ட்' என்ற எழுத்து, கீழே நான்கு வரிகள்: தாவரவியல் பெயர், நர்சரியின் பதிவு எண், எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, எந்த நாட்டில் வளர்ந்தது. விசாவுக்காகச் சென்னைக்கு இரண்டு முறை அலைந்த மனிதர் அவர். "மரத்துக்கே பாஸ்போர்ட்டா!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

இதற்குப் பின்னால் இருக்கும் கதையில் நம்ம ஊர் வண்டு ஒன்று இருக்கிறது. சிவப்புக் கூன்வண்டு. தெற்காசியா, தென்கிழக்கு ஆசியாதான் அதன் தாயகம். தென்னந்தோப்புக்காரர்கள் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 1980-களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந்தோப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1990-களில் எகிப்து, ஸ்பெயின். அங்கிருந்து பத்துப் பதினைந்து வருடத்தில் இத்தாலி, கிரீஸ், பிரான்ஸ். அது அவ்வளவு தூரம் பறந்து போகவில்லை. ஓட்டல் முகப்புக்கும் கடற்கரைச் சாலைக்கும் அழகுக்காக வாங்கிய வளர்ந்த பனைகளுக்குள் புழுவாக உட்கார்ந்து கப்பலில் போனது. மத்தியதரைக் கடலோரம் நூறு வருடமாக நின்ற கேனரித் தீவுப் பேரீச்சைகள் தலை சாய்ந்து செத்தன. 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவசர நடவடிக்கைகள் கொண்டுவந்தது. 2018-ல், இனிமேல் இதை ஒழிக்க முடியாது என்று கைவிட்டது. கேனரித் தீவுகள் மட்டும் 2005-ல் நுழைந்த வண்டை விரட்டி, 2016-ல் வண்டு இல்லாத பகுதி என அறிவித்துக்கொண்டன. எல்லாச் செடிக்குமான இன்றைய பாஸ்போர்ட் விதி 2019 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பனைகளைப் பொறுத்தவரை ரொம்பத் தாமதம்.

பனைக் குடும்பத்துக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். வேம்பில் ஒரு கிளை முறிந்தால் பட்டை வளர்ந்து காயத்தை மூடிவிடும். தென்னைக்கும் பனைக்கும் அந்த வளர்திசு கிடையாது. தண்டில் விழுந்த ஓட்டை கடைசி வரை ஓட்டைதான். தண்டின் செல்களும் புதிதாக மாற்றப்படுவதில்லை. மரம் இளசாக இருந்தபோது உண்டானவையே அது சாகும்வரை உயிரோடு வேலை செய்கின்றன. வளரும் இடம் ஒன்றே ஒன்று, உச்சியில் இருக்கும் குருத்து. அது போனால் மரம் போச்சு. தொல்காப்பிய மரபியல் வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலிலும் அவை மாமரத்தைவிடப் புல்லுக்குத்தான் நெருக்கம்.

வண்டுக்கு வேண்டியது ஒரு காயம். காண்டாமிருக வண்டு போட்ட துளை, ஏறும்போது வெட்டிய படி, புயல் கிழித்த மட்டை, எதுவானாலும் சரி. ஒரு பெண் வண்டு இருநூறு, முந்நூறு முட்டை இடும். புழுக்கள் உள்ளேயே தின்று, நாரால் கூடு கட்டி, வண்டாகி வெளியே வரும். ஓலை மஞ்சளாகி நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும்.

2018 நவம்பர் 16-ல் கஜா அடித்தபோது எங்கள் தோப்பில் விழுந்தது பாதிக்கு மேல். நிமிர்ந்து நின்றவற்றிலும் காயம். அடுத்த இரண்டு வருடத்தில் அவற்றில் பதினோரு மரத்தை வண்டு முடித்தது. இருட்டின பிறகு அப்பா தண்டில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே நறநறவென்று சத்தம் வந்தால் சுண்ணாம்பால் ஒரு கோடு. சவூதியின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதையே கண்ணாடி இழையால் செய்து காட்டினார்கள். இழையைத் தண்டில் சுற்றி லேசர் ஒளியை அனுப்பினால், புழு கடிக்கும் அதிர்வு ஒளியில் தெரியும். நான் பிழைப்பு நடத்துவது அந்த இழையில் ஓடும் தகவலை வைத்துத்தான். அப்பாவிடம் விளக்கினேன். "காது செலவில்லாதது" என்றார்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. எங்கள் தோப்பிலிருந்து முந்நூறு மீட்டரில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் ஆறு அலங்காரப் பனைகள், லாரியில் வந்து இறங்கியவை. எந்த நர்சரி, எந்த மாநிலம் என்று மண்டபத்துக்காரருக்கே தெரியாது. இரண்டு பனை காய்ந்து, தலை சரிந்து, மாதக்கணக்கில் அப்படியே நின்றன. அங்கிருந்துதான் எங்களுக்கு வந்தது என்று நிரூபிக்க முடியாது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தென்னைக்காவது காய் விழாவிட்டால் கவலைப்பட ஒருவர் இருக்கிறார். மண்டபத்திலும் நான்குவழிச் சாலை நடுவிலும் அபார்ட்மெண்ட் வாசலிலும் நிற்கும் பனையை யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை.

வண்டை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறி இருக்கிறதே என்பீர்கள். 1993-ல் அந்த வாசனைப் பொருளைக் கண்டுபிடித்தார்கள், நல்ல கருவிதான். ஆனால் ஒருவர் மட்டும் வைத்தால் ஊர் வண்டையெல்லாம் தன் தோப்புக்கு அழைப்பது மாதிரி. ஊரே சேர்ந்து வைக்க வேண்டும், மண்டபமும் சேர்த்து.

இறக்குமதிக்கு நம்மிடம் 2003-ன் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை உண்டு. உள்நாட்டில் லாரியில் போகும் பனைக்குக் கட்டாயச் சீட்டு எதையும் நான் பார்த்ததில்லை. 2016-ல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ சில வருடங்களில் தென்மாநிலங்களெங்கும் பரவியதற்குக் கன்றுகளின் நடமாட்டமும் ஒரு காரணம். ஐரோப்பா மாதிரி எல்லாச் செடிக்கும் பாஸ்போர்ட் என்று நான் கேட்கவில்லை. நம் சிறு நர்சரிக்காரர்கள் தாங்க மாட்டார்கள். பனைக் குடும்பத்துக்கு மட்டும், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து லாரியில் ஏறும் மரங்களுக்கு மட்டும், விற்றவர் பெயரும் ஊரும் தேதியும் எழுதிய ஒரு சீட்டு போதும். காய்ந்த அலங்காரப் பனையை இத்தனை நாளில் வெட்டி, உள்ளே இருக்கும் புழுவோடு சேர்த்து அழிக்க வேண்டும் என்று பஞ்சாயத்து சொல்லட்டும். இதற்குக் கண்ணாடி இழையெல்லாம் வேண்டாம்.

போன வாரம் அப்பா போனில் பேசினார். மண்டபத்துக்காரரிடம் மீதி நான்கு பனையைப் பார்க்க அனுமதி கேட்டாராம். "அது அழகுக்கு வச்சதுதானே, அதுல என்ன இருக்கு?" என்றாராம் அவர். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து, ஏணியோடு போகப் போகிறார்.