மந்தமடையும் கணினி

வாங்கிய புதிதில் விரைந்து இயங்கிய கணினி, சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுவதுண்டு. தட்டிய எழுத்துத் திரையில் தோன்றுவதற்கே நேரஞ் செல்கிறது. இயந்திரம் பழுதாகிவிட்டதென்று கருதிச் சிலர் புதியதொன்றை வாங்கிவிடுகின்றனர். வேறு சிலரோ இடம் போதவில்லையென எண்ணி, பல்லாண்டுகளாகச் சேர்த்த படங்களை அழித்துவிடுகின்றனர். முன்னது வீண் செலவாகலாம். பின்னது மீளா இழப்பாகலாம். நோயை அறியுமுன் மருந்து கொடுத்தல் முறையன்று.

கணினியில் சேமிப்பகம், நினைவகம் என இருவகை இடங்கள் உண்டு. ஓர் இலிகிதரின் கோவைகள் யாவும் அலுமாரியில் இருக்கின்றன. அது சேமிப்பகம் போன்றது. அன்றைய வேலைக்கு வேண்டியவற்றை மட்டும் அவர் மேசைமீது விரித்து வைக்கிறார், அம்மேசையே நினைவகம். மேசை நிறைந்தபின் இன்னொரு கோவை தேவைப்படின், விரித்ததொன்றை அலுமாரியில் வைத்துவிட்டே அதனை எடுத்துவருதல் வேண்டும். இஃது ஓயாது நிகழுமாயின், அவர் நடந்துகொண்டிருப்பாரேயன்றி எழுதமாட்டார்.

கணினியிலும் இதுவே நிகழ்கிறது. நினைவகம் நிறையும்போது அதன் ஒரு பகுதியைச் சேமிப்பகத்துக்கு மாற்றும் முறையை, இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு தொடக்கிவைக்கப்பட்ட ‘அட்லஸ்’ கணினி கையாண்டது. ஆனால் மாற்றுவதிலேயே காலமெல்லாம் கழிந்து, உரிய வேலை நின்றுபோகும் நிலையும் உண்டு. அதன் காரணத்தை அமெரிக்க அறிஞர் பீற்றர் டெனிங் 1968இல் விளக்கினார். நினைவகத்திலிருந்து ஒரு செய்தியைப் பெற நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவே செல்லும். சுழலும் வட்டிலிருந்து பெறவோ நூறில் ஒரு பங்கு செல்லும். ஏறத்தாழ ஓர் இலட்சம் மடங்கு தாமதம்! சுழலும் பாகமற்ற புதிய சேமிப்பகங்களில் இத்தாமதம் மிகக் குறைவு. எனினும் முற்றாக நீங்கவில்லை.

இன்று நினைவகத்தைப் பெரிதும் நிரப்புவது இணைய உலாவியேயாகும். 2008இல் வெளிவந்த ‘குரோம்’ உலாவி, திறக்கும் பக்கங்களைப் பெரும்பாலும் தனித்தனியாக இயக்கும் முறையைக் கொண்டது. ஒரு பக்கம் நிலைகுலைந்தால் ஏனையவை வீழமாட்டா. அப்பாதுகாப்புக்கு விலை, கூடுதலான நினைவகம். உலாவியோடு இணைக்கும் நீட்சிகளும் தத்தம் பங்கைக் கேட்கும். பெற்ற இடத்தைத் திருப்பிக் கொடாத நிரல்களும் உள. இக்குறையை ‘நினைவகக் கசிவு’ என்பர்.

ஆகவே முதற்கண் செய்யத்தக்கது பார்ப்பதேயாகும். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், எந்நிரல் எவ்வளவு நினைவகம் கொள்கிறதென்னும் பட்டியல் தோன்றும். பாதிக்குமேல் நிறைந்திருப்பது தானே குற்றமன்று. எப்போதும் முழுமையை அண்டி நின்றால், வேண்டாத பக்கங்களை மூடுதல் வேண்டும். உலாவியை மூடித் திறந்ததும் விரைவு மீண்டு, சில மணிநேரத்தில் மறுபடி மந்தமாயின், கசிவென ஐயுறலாம். அப்போது உலாவியைப் புதுப்பித்து, நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படக்கூடும். நினைவகத்தில் தாராளமாக இடமிருந்தும் மந்தம் தொடருமாயின், வட்டிலோ, வெப்பத்திலோ, தீய நிரலிலோ காரணத்தைத் தேடுதல் தகும்.

படங்களை அழிப்பதனால் மேசை அகலமாகிவிடாது. இத்தனையும் செய்தும் இடம் போதாதாயின், நினைவகத்தைக் கூட்டலாம். சில மடிக்கணினிகளில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், முன்னரே விசாரித்தறிதல் நன்று. புதிய கணினி வாங்கும் எண்ணம் இவற்றுக்கெல்லாம் பின்னரே வரவேண்டியதாகும்.