பெருவிரலும் பேரேடும்

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் விடியுமுன்னே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பெங்களூருக்கு நூறு கிலோமீட்டர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலின் பிழைப்பு இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. கட்டட வேலை, செக்யூரிட்டி வேலை, கம்பெனி வேலை என்று போகிறவர்களுக்கு நடுவே புத்தகப் பையோடு ஏறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளி இருக்கிறது. 2010-ல் தொடங்கிய அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் இருக்கிறது. சட்டம், பொதுக்கொள்கை, சமூகநலம் எல்லாம் அங்கே பட்டப்படிப்புகள். தங்கவயலிலேயே கெங்கல் ஹனுமந்தையா பெயரில் ஒரு சட்டக் கல்லூரியும் உண்டு.

அந்தப் படிப்புகளில் இப்போது புதிதாக ஒரு சொல் புழங்குகிறது: தரவு நீதி. 2017-ல் லின்னெட் டெய்லர் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. அதே காலத்தில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் அமைந்தது. யாரை யார் பதிவு செய்கிறார்கள், அந்த ஏடு யார் கையில் இருக்கிறது, அதில் தப்பாக எழுதியிருந்தால் எங்கே போய் முறையிடுவது என்பவைதான் அடிப்படைக் கேள்விகள். பாடத்திட்டத்துக்கு இது புதிது. தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வாழும் லைன் வீடுகளுக்கு இது தாத்தா காலத்துச் சண்டை.

1930 ஏப்ரலில் இங்கே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. கூலிக்காக அல்ல. தொழிலாளர் எல்லோரும் விரல்ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் கொண்டுவந்த ஏற்பாட்டை எதிர்த்து மூன்று வாரம் யாரும் சுரங்கக் குழியான ஷாப்டில் இறங்கவில்லை. மைசூர் சமஸ்தானத்தில் தொழிற்சங்கத்துக்குச் சட்ட அனுமதி இல்லாத காலம் அது. அது கிடைக்க இன்னும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. வேலையை நிறுத்தியவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறிய, பெரும்பாலும் தலித் மக்கள். பள்ளிக்கூடம் பார்த்தவர்கள் குறைவு. அவர்கள் எதைக் கண்டு மிரண்டார்கள்? மிரளவில்லை, சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்றுதான் சொல்வேன்.

சாம்பியன் ரீப், மைசூர் மைன், நந்திதுர்க், உரிகாம் என்று சுரங்கங்கள் நடந்துபோகிற தூரத்தில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகம். ஒன்றில் சீட்டுக் கிழிந்தவன் இன்னொன்றில் வேறு பெயர் சொல்லிச் சேர்ந்து பிழைத்துக்கொள்வான். உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவனுக்கு இருந்த ஒரே சந்து அதுதான். ரேகை வாங்கிவிட்டால் அந்தச் சந்து அடைபட்டுவிடும். ஒருவனை ஒரு மேஸ்திரிக்குப் பிடிக்காமல் போனால் அவன் தங்கவயல் முழுக்கவே வேண்டாதவன் ஆகிவிடுவான். போதாததற்கு, அன்றைக்கு விரல்ரேகை என்றால் போலீஸ், ஜெயில். தங்கம் திருடுகிறவர்கள் என்ற சந்தேகத்தோடுதான் கம்பெனி தன் தொழிலாளியைப் பார்த்தது. தங்கத் திருட்டைத் தடுக்கவென்றே மைசூரில் 1897-ல் தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் கண்ணோட்டம் கடைசியில் விரல் நுனிக்கு வந்து நின்றது. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் மைசூர்த் தொழிலாளர் பற்றி 1998-ல் வெளியிட்ட நூல் இந்த உலகத்தை விரிவாகக் காட்டுகிறது. தங்கவயல் பிள்ளைகள் எல்லோரும் படிக்க வேண்டிய நூல்.

தங்கவயல் வேலைநிறுத்தத்துக்கு 22 ஆண்டு முன்பு, 1908 ஆகஸ்டில், ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதி முன்னால் காந்தியும் தம்பி நாயுடுவும் கூட இருக்க, இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைத் தீயிலிட்டார்கள். அந்தப் போராட்டமும் விரல்ரேகையில் தொடங்கியதுதான். அதிலும் தமிழர்கள் நிறையப் பேர். அது நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1930-ன் தங்கவயல் இல்லை.

ஆனால் தங்கவயல் மக்கள் பதிவு என்றாலே வேண்டாம் என்றவர்கள் அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் கதையைப் பாதிதான் சொன்னதாகும். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1880களிலிருந்தே குடிக்கணக்கெடுப்பில் தம் மக்களை இழிபெயரில் எழுதக் கூடாது, ஆதித் தமிழர் என்று எழுத வேண்டும் என்று போராடினார். அவருடைய பௌத்தச் சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் 1914-ல் மறைந்த பிறகும் சாம்பியன் ரீப்பின் சித்தார்த்தா புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டுக்கொண்டே இருந்தது. 1926 முதல் அவர் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகை ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்து மறுபடி வந்தது. அரசாங்கத்தின் ஏட்டில் என்னை எந்தப் பெயரால் எழுதுவாய் என்று கேட்ட மக்கள் இவர்கள்.

மூன்றாவதாக ஒன்று, நுரையீரல். குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது பறக்கும் தூசி நெஞ்சில் படிந்து இறுகிப்போகும் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதலில் ஆராயப்பட்ட இடங்களில் தங்கவயல் முக்கியமானது. 1940-ல் மைசூர் அரசு இதற்கு இழப்பீட்டு விதிகள் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டில் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் நோய் இருந்தது. இங்கே எக்ஸ்ரே எடுக்காவிட்டால் நோயும் இல்லை, பணமும் இல்லை. ஏட்டில் பெயர் ஏற வேண்டும் என்பதுதான் நியாயம். ஆனால் படத்தைப் பார்த்து, நோய் எந்தக் கட்டம் என்று எழுதுகிற பேனா தொழிலாளியின் கையில் இல்லை.

விரலைப் பதியாதே, பெயரைச் சரியாக எழுது, நெஞ்சை மறைக்காமல் எழுது. இந்த மூன்றையும் ஒரே ஊர், ஏறக்குறைய அறுபது ஆண்டுக்குள், கேட்டிருக்கிறது. தரவு நீதியை நடத்தும் எந்த வகுப்புக்கும் இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்று அந்தப் பேரேடு காகிதத்தில் இல்லை. கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி 2012-ல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு நலத்திட்டங்களுக்கு ஆதாரை அனுமதித்தது. நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டு எழுதினார். இயந்திரம் ரேகையை ஏற்காததால் ஏழைகள் விலக்கப்படுவதை அவர் கவலையோடு பேசியிருக்கிறார். கல்லையும் சிமெண்டையும் பிடித்த கையில் ரேகை தேய்ந்துபோகும். பாட்டன் தர மறுத்த ரேகையைப் பேரன் நீட்டுகிறான். உழைத்துத் தேய்ந்த விரலை ரேஷன் கடை இயந்திரம் தெரியாது என்கிறது. இந்த வேதனைக்கு நான் பழகிக்கொள்ள விரும்பவில்லை.

பெயர்ச் சிக்கலும் தீரவில்லை. 2025-ல் நீதிபதி எச்.என். நாகமோகன் தாஸ் ஆணையம் உள்ஒதுக்கீட்டுக்காகக் கர்நாடகப் பட்டியல் சாதியினரைக் கணக்கெடுத்தது. ஆதி திராவிடர், ஆதி கர்நாடகர், ஆதி ஆந்திரர் என்று மட்டும் சொல்லி உட்சாதி சொல்லாதவர்களை எந்தப் பிரிவில் வைப்பது என்பது பெரிய விவாதமானது. உட்பிரிவு வேண்டாம் என்று ஒரு தலைமுறை எழுதிக்கொண்ட பெயர், இன்று ஒதுக்கீட்டுக் கணக்கில் ‘விவரம் இல்லை’ என்று ஆகிறது. உள்ஒதுக்கீடு நியாயமான கோரிக்கை. பண்டிதர் வழியும் நியாயமானது. இரண்டையும் ஒரே படிவத்தில் எப்படி அடக்குவது என்பதற்கு எளிய விடை இல்லை.

அதே ஆண்டு கர்நாடகம் செயலி வழித் தொழிலாளருக்குச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவரை வேலையிலிருந்து நீக்க 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும், தானியங்கி முறைகள் எப்படி முடிவெடுக்கின்றன என்று கேட்டால் விளக்க வேண்டும். மூன்று வாரம் ஷாப்டில் இறங்காமல் நின்றவர்களுக்கு இந்தப் பிரிவுகளைப் படித்துக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். காரணம் சொல்லாமல் ஐடி முடக்கப்படுவது அவர்கள் பயந்த அதே சீட்டுக் கிழிப்புதான்; இப்போது கிழிக்கிற கையைக்கூடப் பார்க்க முடிவதில்லை.

ரயிலில் போகும் பிள்ளைகளுக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமென்றால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைடு மேடுகள். 2024 ஜூனில் கர்நாடக அரசு, ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த 13 மேடுகளை மறுபடி அரித்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அங்கே எத்தனை டன் மண், டன்னுக்கு எவ்வளவு தங்கம் என்று கணக்குப் போட ஆட்கள் உண்டு. காற்றடிக்கும்போது அந்தத் தூசி எந்தத் தெருவுக்கு எவ்வளவு போகிறது, மேட்டை வெட்டத் தொடங்கினால் எவ்வளவு கூடும் என்ற கணக்கும் அதே ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டும், லைனில் இருப்பவர்கள் படிக்கும் மொழியில். சிலிகோசிஸ் பரிசோதனைகளின் பழைய மருத்துவ ஏடுகள் எங்கே, யார் பார்க்கலாம் என்று ஒரு தகவல் உரிமை மனு போடலாம். அதற்குப் பட்டம்கூட வேண்டாம்.

தாத்தாவின் எக்ஸ்ரே படம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.