அக்கா கல்யாண வீடியோ ஏன் வெளுத்துப் போச்சு? ஹெச்.டி.ஆர் செய்யும் வேலை!

அக்கா கல்யாணம். தாலி கட்டுற நிமிஷத்தை உங்க போன்ல எடுத்துட்டீங்க. உங்க ஸ்கிரீன்ல பட்டுப்புடவையும் குத்துவிளக்கும் தகதகன்னு மின்னுது. அதையே ஃப்ரெண்டுக்கு அனுப்பினா, அவர் போன்ல சாயம்போன துணி மாதிரி தெரியுது. கேமராவைத் திட்டாதீங்க பாஸ். சிக்கல், வெளிச்சக் கணக்கில் இருக்கிறது.

திரையின் வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்ற அலகால் அளக்கிறோம். சாதாரண வீடியோ, அதாவது எஸ்.டி.ஆர், 100 நிட்ஸை அளவாக வைத்து உருவானது. ஹெச்.டி.ஆர் அதைத் தாண்டி, விளக்குச் சுடரையும் நகையின் மினுமினுப்பையும் பிரித்துப் பதிவு செய்கிறது.

இதில் ரெண்டு வகை உண்டு.

பி.க்யூ: ரொம்பக் கறார். ஒவ்வொரு எண்ணுக்கும் 'இத்தனை நிட்ஸ்' என்று நிர்ணயித்துவிடும். உச்சம் 10,000 நிட்ஸ். ஹெச்.டி.ஆர்10 வீடியோக்கள் இந்த வகை.

ஹெச்.எல்.ஜி: டிவி ஒளிபரப்புக்காக பி.பி.சி-யும் ஜப்பானின் என்.ஹெச்.கே-யும் உருவாக்கியது. 'உன் திரையால் எவ்வளவு முடியுமோ, அதற்கேற்ப காட்டிக்கோ' என்று விட்டுவிடும். ஐபோன் 12 முதல் வரும் டால்பி விஷன் வீடியோவுக்கு இதுதான் அடிப்படை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, நடுவில் ஒரு உச்ச வெளிச்சத்தை முடிவு செய்யணும். பெரும்பாலும் அது 1,000 நிட்ஸ். எஸ்.டி.ஆருக்கு மாற்றுவதுதான் கஷ்டம். அண்டா பிரியாணியை டிபன் பாக்ஸில் அடைக்கிற கதை! முகத்தின் வெளிச்சத்தைக் காப்பாற்றி, சுடரின் உச்சத்தை மட்டும் பதமாக அமுக்கணும். இதற்குப் பெயர் 'டோன் மேப்பிங்'. இதைச் செய்யாமல் ஹெச்.டி.ஆர் எண்களை அப்படியே எஸ்.டி.ஆராகக் காட்டினால், படம் வெளிறிவிடும்.

சரி, என்ன செய்யலாம்?

* எல்லோருக்கும் அனுப்பத்தான் எடுக்கிறீங்கன்னா, முதலிலேயே ஹெச்.டி.ஆரை ஆஃப் பண்ணிடுங்க. ஐபோனில் செட்டிங்ஸ் - கேமரா - ரெக்கார்டு வீடியோ பகுதியில் இருக்கும்.

* ஏற்கெனவே எடுத்தாச்சா? எடிட்டிங் ஆப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது 'எஸ்.டி.ஆர்' அல்லது 'ரெக் 709' இருந்தால் தேர்ந்தெடுங்க.

* அனுப்பும் முன் சாதாரண போன் ஒன்றில் போட்டுப் பாருங்க.

முக்கியமா, ஸ்டோரேஜ் ஃபுல்னு ஒரிஜினலை மட்டும் அழிச்சிடாதீங்க. மாற்றும்போது அமுக்கிய வெளிச்சம் திரும்ப வராது. நாளைக்கே நல்ல டிவி வாங்கினாலும், அந்த விளக்குச் சுடர் ஒரிஜினலில் மட்டும்தான் இருக்கும்!