வெயில் நம்முடையது! பேனல் யாருடையது?

மயிலாடுதுறைச் சீமையில் ஜூன் 12-ந் தேதியைத் தெரியாத பிள்ளை கிடையாது. மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள் அது.

திறந்தால் ஆற்றுத் தண்ணீரில் குறுவை. திறக்காவிட்டால் பம்புசெட்!

2012 முதல் 2019 வரை, 8 ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020-ல் திறந்தார்கள். 2024-ல் மறுபடியும் தவறிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 28-ந் தேதிதான் தண்ணீர் விட்டார்கள்.

அப்படிப்பட்ட ஆண்டுகளிலும் மயிலாடுதுறை, குத்தாலம், சீர்காழிப் பக்கங்களில் பச்சை வயல்கள் இருந்தன. எப்படி?

காவிரியும் கொள்ளிடமும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல் பூமிக்கு அடியில் கிடக்கிறது. அந்த மணலுக்குள் தண்ணீர் நிற்கிறது. குழாயை இறக்கி, அடியில் சல்லடை வைத்து இறைக்கிறார்கள். இதற்கு 'பில்டர் பாயிண்ட்' என்று பெயர். இங்கிலீஷ் தெரியாத பாட்டிகூட இந்தப் பெயரைச் சரியாகச் சொல்வாள்!

பம்பு ஓட மின்சாரம் வேண்டும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஆனால் இணைப்புக் கிடைக்க வேண்டுமே! 2021-ல் ஒரே ஆண்டில் 1 லட்சம் புதிய இணைப்புகள் கொடுப்பதாக மாநில சர்க்கார் அறிவித்தது. அப்படியானால், மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மின்கம்பத்துக்குக் காத்திராமல் வெயிலிலேயே பம்பை ஓட்டினால் என்ன?

இந்த யோசனையில் பிறந்ததுதான் 'பி.எம். குசும்' என்ற திட்டம். 2019-ல் மத்திய சர்க்கார் இதைத் தொடங்கியது.

நூற்றுக்கு அறுபது

வயலில் சோலார் பம்பு வைக்க ஆகும் செலவில் நூற்றுக்கு 30 பங்கை மத்திய சர்க்கார் கொடுக்கும். இன்னொரு 30 பங்கை மாநில சர்க்கார் கொடுக்கும். மீதி 40 பங்கு விவசாயியின் பொறுப்பு. இதுதான் திட்டத்தின் பொதுவான கணக்கு.

பாதிக்கு மேல் சர்க்கார் பணம். அதாவது ஜனங்களின் வரிப்பணம். ஆகவே சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது.

பேனல் இந்தியாவில் செய்ததாக இருக்கவேண்டும். பேனலுக்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்கவேண்டும். மோட்டார், பம்பு, அவற்றை ஓட்டும் கருவி எல்லாமே இந்நாட்டுச் சரக்காக இருக்கவேண்டும்.

மோட்டாரையும் பம்பையும் பற்றிக் கவலை இல்லை. கோயமுத்தூர் இருக்கிறது! பம்பு செய்வதில் கோவைக்காரர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல.

சிக்கல் செல்லில்தான்.

அரை வோல்ட் வில்லை

செல் என்பது என்ன?

சோலார் பேனலை உற்றுப் பாருங்கள். கண்ணாடிக்கு அடியில் கட்டம் கட்டமாகக் கருநீல வில்லைகள் தெரியும். அந்த ஒவ்வொரு வில்லையும் ஒரு செல். தலைமயிர் இரண்டு மூன்றை அடுக்கிய கனம்தான் இருக்கும். ஒரு செல் தருவது ஏறக்குறைய அரை வோல்ட். 60, 72 என்று செல்களைக் கோத்துச் சட்டம் போட்டால் அது பேனல்.

மணலிலிருந்து சிலிக்கனைப் பிரிக்கவேண்டும். அதை உருக்கிக் கட்டியாக்கவேண்டும். கட்டியைப் பப்படம்போல் சீவவேண்டும். சீவியதைப் பக்குவப்படுத்தினால் செல். செல்லைக் கோத்தால் பேனல்.

கடைசி வேலையான கோப்பது சுலபம். நம் நாட்டில் பல தொழிற்சாலைகள் அதைச் செய்தன. முந்திய வேலைகளுக்குப் பெரிய முதல் வேண்டும், நுட்பம் வேண்டும், இடைவிடாத மின்சாரம் வேண்டும். இந்த வேலைகளில் சீனா முந்திக்கொண்டது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தித் திறனில் நூற்றுக்கு 80-க்கு மேல் சீனாவில் இருப்பதாக, சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் கணக்குக் காட்டியது.

ஆகவே 'இந்தியப் பேனல்' என்று வாங்கியதைத் திறந்து பார்த்தால், உள்ளே சீனச் செல்! சட்டை நம்மூர்த் தையல், துணி வேறு ஊர் என்கிற கதைதான்.

உள்நாட்டுச் செல் குறைவாகக் கிடைத்தது. விலையும் கூடுதல். வாட்டுக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 7½ குதிரைசக்தி பம்புக்கு ஏறக்குறைய 7 ஆயிரம் வாட் பேனல் வேண்டும். வித்தியாசம் 35 ஆயிரம் ரூபாய்! இதில் 40 பங்கு, அதாவது 14 ஆயிரம் ரூபாய், விவசாயியின் மடியிலிருந்து போகும். மீதி ஜனங்களின் பையிலிருந்து போகும்.

விதி தளர்ந்தது

குசும் திட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. ஒவ்வொரு வயலிலும் பேனல் வைக்காமல், துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் பெரிய சோலார் நிலையம் வைப்பது. அங்கிருந்து ஒரு மின்பாதையில் உள்ள அத்தனை பம்புகளுக்கும் பகலிலேயே மின்சாரம் போகும். ராத்திரியில் டார்ச் விளக்கோடு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்கவேண்டாம்.

இந்தப் பெரிய நிலையங்களைக் கம்பெனிகள் டெண்டர் எடுத்துக் கட்டுகின்றன. 'மின்சாரத்தை யார் மலிவாகக் கொடுப்பார்?' என்பதே டெண்டரில் போட்டி. மத்திய சர்க்கார் மெகாவாட்டுக்கு 1 கோடியே 5 லட்சம் ரூபாய் வரை உதவி தருகிறது.

இங்கும் முதலில் உள்நாட்டுச் செல் கட்டாயமாக இருந்தது. பிறகு மத்திய சர்க்கார் இறங்கி வந்தது. '2023 ஜூன் 20-ந் தேதிக்குள் வேலை ஒப்படைக்கப்பட்டால் வெளிநாட்டுச் செல் போடலாம். ஆனால் பேனல் இந்தியாவில் கோத்ததாக இருக்கவேண்டும்' என்று விலக்குக் கொடுத்தது. பிறகு அந்தக் கெடு மேலும் நீட்டப்பட்டது.

வயலில் தனியாக வைக்கும் சிறு பம்புக்கு இந்த விலக்கு இல்லை!

வேடிக்கை இங்கேதான். கோடிக்கணக்கில் முதல் போடும் கம்பெனிக்குத் தளர்த்திய விதி, 3 ஏக்கர்க்காரருக்குத் தளரவில்லை. கேட்பவருக்கு நியாயமாகப் படாது.

ஆனால் இதற்கும் ஒரு பதில் உண்டு. சிறு பம்புகளுக்கு வேண்டிய செல் கொஞ்சம். அதை உள்நாட்டிலேயே எடுத்துவிடலாம். பெரிய நிலையங்களுக்கு வேண்டியது ஏராளம். அவ்வளவு செல் அப்போது நாட்டில் கிடைக்காது. கிடைக்காததைக் கட்டாயமாக்கினால் டெண்டருக்கு ஆள் வராது. வந்தாலும் மின்சார விலை ஏறும். அந்த விலையைக் கடைசியில் மின்சார வாரியம்தான் கொடுக்கவேண்டும்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனினும் சிறு விவசாயியின் 14 ஆயிரத்துக்கு யாராவது பதில் சொல்லத்தான் வேண்டும்.

இதே 2023-ல் இன்னொரு விதியும் ஓய்வெடுத்துக்கொண்டது. 'சர்க்கார் பட்டியலில் உள்ள தொழிற்சாலையின் பேனலைத்தான் போடவேண்டும்' என்பது அந்த விதி. மார்ச் மாதம் அதை நிறுத்திவைத்தார்கள். 2024 ஏப்ரல் 1-ந் தேதி மறுபடியும் எழுப்பிவிட்டார்கள்.

மாயவரம் கண்ட முதல் பேச்சு அல்ல

ஜனங்களின் பணத்தில் கட்டும் வேலைக்குச் சாமான் எங்கிருந்து வரவேண்டும் என்ற கேள்வி மயிலாடுதுறைக்குப் புதிதல்ல.

ஊர் 'மாயவரம்' என்று அழைக்கப்பட்ட காலம். தஞ்சாவூர் ஜில்லா போர்டு தன் பணத்தில் ஒரு ரயில் பாதை போட்டது! மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை. 1894-ல் அதில் ரயில் ஓடியது. நிலவரியோடு சேர்த்து மிராசுதாரும் குடியானவரும் கொடுத்த தனி வரிதான் அதற்கு முதல்.

அன்று தண்டவாளம் செய்யும் உருக்காலை இந்தியாவில் இல்லை. ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை உருக்கு வார்த்தது 1912-ல்தான். நம் குடியானவரின் காசு கப்பல் ஏறிச் சீமைக்குப் போயிற்று. இரும்பு கப்பலில் வந்து இறங்கியது. அன்று விலக்குக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. விதி இருந்தால்தானே விலக்கு!

சுதந்திர இந்தியா விதி செய்தது. 2017 ஜூன் மாதம் வந்த கொள்முதல் உத்தரவு முக்கியமானது. சர்க்கார் வாங்கும்போது உள்நாட்டுச் சரக்குக்கு முதல் சலுகை. வெளிநாட்டுச் சரக்கைவிட விலை நூற்றுக்கு 20 வரை கூடுதலாக இருந்தாலும், குறைந்த விலைக்கு இறங்கிவர உள்நாட்டுக்காரருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவேண்டும். 2020-ல் விதி இன்னும் இறுகியது. பாதிக்குப் பாதி உள்நாட்டு மதிப்பு இருந்தால் முதல் வகுப்பு. 20 பங்கு இருந்தால் இரண்டாம் வகுப்பு.

அந்த உத்தரவிலேயே விலக்குக்கும் வாசல் வைத்திருக்கிறார்கள். அந்தந்த இலாகா மந்திரியின் சம்மதம் வேண்டும். காரணத்தை எழுத்தில் வைக்கவேண்டும்.

வழக்குக்குப் போன சண்டை

'உன் நாட்டுச் செல்லைத்தான் வாங்கவேண்டும் என்று நீ எப்படிச் சொல்லலாம்?' என்று ஒரு நாடு இந்தியா மீது வழக்கே போட்டது. அது சீனா அல்ல, அமெரிக்கா!

2010-ல் இந்தியா ஆரம்பித்த தேசிய சூரிய மின்சாரத் திட்டத்தில் உள்நாட்டுச் செல் கட்டாயம் என்று நிபந்தனை இருந்தது. உலக வர்த்தக ஸ்தாபனத்தில் அமெரிக்கா 2013-ல் புகார் கொடுத்தது. 2016 செப்டம்பரில் அப்பீலிலும் இந்தியா தோற்றது. தனியார் கட்டி விற்கும் மின்சாரத்துக்கு அப்படி நிபந்தனை போடக்கூடாது என்று ஆகிவிட்டது. சர்க்காரே மானியம் கொடுக்கும் பம்பு போன்றவற்றில் மட்டும் நிபந்தனையை வைத்துக்கொண்டார்கள்.

இந்தியா சும்மா இருக்கவில்லை. 'உங்கள் மாநிலங்களிலும் இதே சலுகை இருக்கிறதே!' என்று திருப்பி வழக்குப் போட்டது. அமெரிக்காவின் 8 மாநிலங்களைச் சுட்டிக்காட்டியது. 2019 ஜூனில் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாக வந்தது. மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டியா?

அமெரிக்காவின் சொந்த வீட்டு விதி இன்னும் கடுமை. 2021 நவம்பரில் வந்த சட்டப்படி, அந்நாட்டுச் சர்க்கார் பணத்தில் பாலம், சாலை, குடிநீர்க் குழாய் எது போட்டாலும் இரும்பு, உருக்கு, கருவி, கட்டட சாமான் எல்லாம் அமெரிக்காவில் செய்ததாக இருக்கவேண்டும்.

அங்கும் விலக்கு உண்டு. பொருள் கிடைக்காவிட்டால் விலக்கு. உள்நாட்டுப் பொருளால் மொத்தச் செலவு நூற்றுக்கு 25-க்கு மேல் ஏறினால் விலக்கு. பொதுநலத்துக்கு விரோதமானால் விலக்கு.

ஆனால் ஒன்று. விலக்குக் கொடுக்குமுன் அந்த யோசனையைக் காரணத்தோடு வெளியிட்டு, குறைந்தது 15 நாள் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டும். உள்ளூர்த் தொழிற்சாலைக்காரர், 'அந்தக் கருவியை நான் செய்கிறேனே!' என்று எழுந்து நின்று சொல்லலாம்.

நம் உத்தரவில் மந்திரியின் சம்மதம் உண்டு, எழுத்தில் காரணம் உண்டு. 15 நாள் காத்திருப்பும் இருந்தால் நல்லது. விலக்குக் கொடுத்தது தப்பில்லை. ஏன் கொடுத்தார்கள் என்பது திருவெண்காட்டு விவசாயிக்கும் எட்டவேண்டும்.

கங்கைகொண்டானில் செல்

கட்டாயம் இருந்ததால் ஏதாவது பலன் உண்டா?

உண்டு. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானில் டாட்டா கம்பெனி தொழிற்சாலை கட்டியிருக்கிறது. 2023-ல் பேனலும் 2024-ல் செல்லும் அங்கே வரத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் அமெரிக்காவின் 'பர்ஸ்ட் சோலார்' கம்பெனியின் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுப் பேனலுக்கு நூற்றுக்கு 40, செல்லுக்கு 25 என்று சுங்கவரி போட்டதும் இதற்கு ஒரு காரணம்.

சந்தை நிச்சயம் என்றால்தான் கோடிக்கணக்கில் முதல் போடுவார்கள். விதியை இன்று போட்டு நாளை எடுத்தால் யார் தொழிற்சாலை கட்டுவார்? தொழிற்சாலை வருமுன்னே கட்டாயப்படுத்தினால் யார் பம்பு வைப்பார்? முட்டையா, கோழியா என்ற கதை! இதனால்தான் விலக்குக்குத் தேதி குறித்தார்கள் போலும்.

சோலார் பம்பில் இன்னொரு விஷயமும் உண்டு. வெயிலுக்குக் கட்டணம் இல்லை. நாள் முழுவதும் இறைக்கலாம். சீர்காழி, தரங்கம்பாடி கரையோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உப்பு உள்ளே ஏறிவிடும். உள்நாட்டுப் பேனலானாலும் வெளிநாட்டுப் பேனலானாலும் உப்பு உப்புதான்!

2024 டிசம்பரில் மத்திய சர்க்கார் இன்னொரு உத்தரவு போட்டது. பேனலுக்கு இருப்பதுபோல் செல்லுக்கும் தனிப் பட்டியல் வரும் என்றது அந்த உத்தரவு. 2026 ஜூன் 1-ந் தேதி அதற்குக் குறித்த நாள்.

வாங்கும் பேனலுக்குள் இருக்கும் செல் எந்த நாட்டுச் செல் என்று விவசாயி எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேனலிலும் ஒரு மின்னணுச் சீட்டு ஒட்டியிருக்கவேண்டும். பேனல் செய்தவர் பெயர், செல் செய்தவர் பெயர், செய்த மாதம், வருஷம், நாடு எல்லாம் தனித்தனியாக அதில் பதிவாகியிருக்கும். கண்ணால் படிக்க முடியாது; அதற்கென்று ஒரு கருவி வேண்டும். பம்பு பொருத்த வருகிறவரிடம், பேனலைச் சட்டத்தில் முடுக்குமுன் அந்தக் கருவியை வைத்துப் படித்துக் காட்டச் சொல்லலாம்.