ஏரிக்கு நடுவே ஒரு பழைய நகரம்

கிருஷ்ணா நதியின் குறுக்கே ஒரு பெரிய அணை இருக்கிறது. அதன் பெயர் நாகார்ஜுனசாகர். ஆந்திரப் பிரதேசமும் தெலங்கானாவும் சந்திக்கும் இடம் அது. அணைக்குப் பின்னால் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கிறது. அதன் நடுவே ஒரு தீவு. பெயர் நாகார்ஜுனகொண்டா. தெலுங்கில் 'கொண்டா' என்றால் மலை.

கரையிலிருந்து தீவு சுமார் 11 கிலோமீட்டர் தூரம். விசைப்படகில்தான் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சுற்றிலும் தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு நகரம் இருக்கிறது!

அந்த நகரம் விஜயபுரி. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அது இக்ஷ்வாகு அரசர்களின் தலைநகர். அங்கே சிவன், திருமால், முருகன் கோயில்கள் இருந்தன. புத்த மடங்களும் பல இருந்தன. இலங்கைத் துறவிகளுக்குத் தனி மடமே இருந்தது. அரச குலப் பெண்கள் இந்த மடங்களுக்கு வாரி வழங்கினார்கள்.

காலப்போக்கில் நகரம் அழிந்தது. காடு மூடியது. 1926-ல் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அங்கே ஒரு பழைய கல் தூணைக் கண்டார். அரசுக்குத் தெரிவித்தார். அதன் பிறகே உலகம் இந்த இடத்தை அறிந்தது.

பின்னர் இங்கே அணை கட்ட முடிவானது. லட்சக்கணக்கான ஏக்கர் நிலத்துக்குப் பாசன நீர் தேவைப்பட்டது. ஆனால் அணை வந்தால் பள்ளத்தாக்கு மூழ்கிவிடும். என்ன செய்வது?

தொல்லியல் துறையினர் 1954 முதல் 1960 வரை பள்ளத்தாக்கைத் தோண்டி ஆராய்ந்தார்கள். முக்கியமான 9 கட்டடங்களைப் பெயர்த்து எடுத்தார்கள். மேடான இடங்களில் மீண்டும் கட்டினார்கள். இன்னும் 14 கட்டடங்களுக்குப் பெரிய மாதிரிகளை அமைத்தார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. அங்கே வாழ்ந்த மக்களும் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேறினார்கள். 1967-ல் அணை முடிந்தது. மலை தீவாகிவிட்டது.

இன்று தீவில் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. புத்தர் சிலைகளையும் கல்வெட்டுகளையும் அங்கே பார்க்கலாம். எந்தப் பெண் என்ன தானம் கொடுத்தாள் என்று அக்காலத்தவர் கல்லில் எழுதி வைத்தார்கள். அதனால்தான் நமக்கு அவர்களைத் தெரிகிறது.

படகு புறப்படும் நாளையும் நேரத்தையும் முன்பே கேட்டுக்கொண்டு போக வேண்டும். பழைய கற்களில் யாரும் பெயரைக் கிறுக்கக் கூடாது. நீரிலிருந்து மீட்ட செல்வம் அது. நம் பிள்ளைகளும் அதைப் பார்க்க வேண்டும் அல்லவா?